குகனே கூப்பிட்டாலும் நம்பாதீர்கள்

மதியம் பன்னிரண்டே காலுக்குக் குகன் தன்னைத்தானே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

கதவு என்றால் மரக்கதவு இல்லை. ஜார்ஜ்டவுன் தலைமை அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் மருந்துக் கிடங்கின் ரௌட்டருக்குக் கட்டளை எழுதிக்கொண்டிருந்தான். முதலில் 'குகனை உள்ளே விடு' என்று எழுதிவிட்டு, பிறகுதான் 'வேறு யாரையும் விடாதே' என்று எழுத வேண்டும். நம் மகராசன் குகன் இரண்டாவதை முதலில் எழுதித் தொலைத்தான். ரௌட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது. இரண்டு இடத்துக்கும் நடுவில் இருந்த தொடர்பு பட்டென்று போய்விட்டது.

"அலாமாக்!" என்றான் குகன். வேர்த்துக் கொட்டியது. கழுத்தில் தொங்கிய, பேர் மட்டும் அச்சடித்த ஆபீஸ் பாஸ்கூட இறுக்குவது மாதிரி இருக்க, கழற்றி மேசையில் வீசினான்.

"என்ன தம்பி, பிரச்சினையா?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கேட்டார் முஸ்தஃபா.

கேட்கக் கூடாத ஆள் அவர். பெரிய ஆஸ்பத்திரி ஒன்று மருந்து வாங்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன், இந்தத் தொடர்பு பத்திரமானதுதானா என்று சோதிக்க அனுப்பியவர். சோதனை மூன்று மணிக்கு. அது தேறினால்தான் குகனின் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் பிரமிளாவின் அப்பா கல்யாணத்துக்கு நாள் குறிப்பார். பாவம், எல்லாம் அந்த ஒரு வயரில் தொங்கியது.

"ஒன்னுமில்ல சார், சின்ன மெயின்டனன்ஸ்."

"சரி, நான் அப்படியே வெளிய சுத்திட்டு வர்றேன். மூணு மணிக்குப் பாப்போம்." காலையில் வாங்கி வைத்திருந்த தம்புன் பிஸ்கட் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். குகன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவன் கை ஏற்கெனவே போனில் இருந்தது.

கிடங்குக் குமாஸ்தா குமுதா எடுத்தாள்.

"அக்கா, குகன் பேசுறேன். ஸ்டோர் ரூம்ல கருப்புப் பெட்டி இருக்குல்ல, அத ஒரு தடவ ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அவ்ளோதான்."

உண்மையாகவே அவ்வளவுதான். எழுதியதை அவன் இன்னும் சேமிக்கவில்லை. அந்த ரௌட்டர் பெட்டியை அணைத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

"எந்தக் குகன்?"

"நெட்வொர்க் குகன்க்கா! போன மாசம் பாதுகாப்பு வகுப்பு எடுத்தேனே!"

"அவருதான் சொன்னாரு, குகனே கூப்புட்டாலும் நம்பாதீங்கன்னு. ரகசியச் சொல் என்னா, சொல்லுங்க."

ரகசியச் சொல் திங்கட்கிழமைதோறும் தானாக மாறும். ஏற்பாடு குகனுடையதுதான். அதைப் பத்திரமாக இருக்கட்டும் என்று கிடங்குக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தான். அங்கே போகத்தான் வழி இல்லையே!

"என் குரல் தெரியலையாக்கா?"

"குரல இப்ப கம்ப்யூட்டரே செய்யுதாம். அதுவும் அவரு சொன்னதுதான்."

குகன் அவசரமாகத் தன்னைப் படமெடுத்து அனுப்பிவிட்டு மறுபடி கூப்பிட்டான்.

"மூஞ்சி வந்துச்சு," என்றாள் குமுதா. "ஆனா யாரு மூஞ்சின்னு எனக்கு எப்படித் தெரியும்? வகுப்புல வெறும் ஸ்லைடுதானே ஓடுச்சு, அவர இங்க யாரு பாத்தா? முழியும் திருட்டு முழியா இருக்குலா."

வேறு வழியில்லாமல் மேனேஜர் நவமணியிடம் போய் நின்றான். அந்த அம்மாள் முறைத்துக்கொண்டே போனை எடுத்தாள். அரை நிமிடத்தில் முகம் சிவந்துவிட்டது.

"என்னையவே திருடின்னு சொல்லிட்டாய்யா! 'மேலதிகாரி மாதிரி பேசி அவசரப்படுத்துவாங்க, பக்கம் ஏழு'ங்குறா. ஸ்டோரப் பூட்டி சாவியப் பையில போட்டுக்கிட்டாளாம். இனிமே நம்ம நம்பர் எதையும் எடுக்க மாட்டாளாம். யாரு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் மேடம்."

"ரொம்ப நல்லா சொல்லிக் குடுத்திருக்கே. நேரா போ. மூணு மணிக்குள்ள லைன் வரல, நாளைக்கு நீ வர வேணாம்."

ஹெல்மெட்டை எடுக்க ஓடியவன் பாஸைத் தேடினான். மேசையில் இல்லை. மேசைக்கு அடியிலும் இல்லை. எங்கே விழுந்து தொலைந்ததோ, தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

பாலத்தில் பாதி தூரம் போனதும் மழை பிடித்தது. முன்னால் ஒரு லாரி படுத்துவிட, மோட்டார் சைக்கிள்கள்கூட நகர முடியாத ஜேம். ரெண்டு மணி நாற்பதுக்கு, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, கிடங்கு வாசலில் போய் நின்றான். கேட்டில் காவலுக்கு இருந்த ஜாகா முகம்மது சுல்தான் எதையோ நிதானமாக மென்றுகொண்டிருந்தார்.

"பாஸ்?"

"தொலஞ்சு போச்சுண்ணே. நான் தலைமை ஆபீஸ் குகன்."

"பாஸ் இல்லாம ஈ காக்காவ விடக்கூடாதுன்னு உத்தரவு."

"அந்த உத்தரவப் போட்டதே நான்தாண்ணே!"

"அப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும்."

குகனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மணி இரண்டு ஐம்பது. கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். அந்தக் கருப்புப் பெட்டிய ஒரு தடவ தொட்டுட்டுப் போயிடுறேன். என் வேல, என் கல்யாணம் எல்லாம் அதுலதான் இருக்கு. சத்தியமா நான்தான் குகன்!"

முகம்மது சுல்தான் மீசையில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"சும்மா கத்தாதீங்க தம்பி, குகன் ஒன்னரைக்கே பாஸ் மாட்டிக்கிட்டு வந்து, குமுதாகிட்ட ஸ்டோர் சாவியையும் வாங்கிக்கிட்டு உள்ள இருக்காரு, தங்கமான மனுசன், எல்லாருக்கும் தம்புன் பிஸ்கட் குடுத்தாரு."