சால்வை மட்டும் பார்த்த கடல்

என்றைக்கும் அக்கா பேச்சைத் தட்டாத அன்பு மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொண்டது. மகள் வீட்டில் நானும் உன் அக்காவும் மகளும் மருமகனும் சௌக்கியம். இந்தச் சௌக்கியம் நீடிப்பது இப்போது உன் கையில்தான் இருக்கிறது. உன் வீட்டிலும் எல்லோரும் நலம் என்று நானே வைத்துக்கொள்கிறேன்; விசாரிக்க நேரமில்லை. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டில் யாருக்குப் போன் வந்தாலும் உன் அக்கா, "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதனால்தான் பால்கனியில், துணி காயும் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு காகிதத்தில் எழுதுகிறேன்.

நாங்கள் கிளம்பிய அன்று விமான நிலையத்தில் உன் அக்கா தோளில் ஒரு மெரூன் சால்வையைப் போர்த்தி, "அங்க குளிரும்க்கா" என்று மூக்கை உறிஞ்சினாயே, ஞாபகம் இருக்கிறதா? மஞ்சள் பார்டர். அச்சு அசலாக அதே மாதிரி இன்னொன்று வேண்டும். உன் அக்காவிடம் மூச்சு விடக் கூடாது. ஏன் என்று கேட்காதே. கேட்கத்தான் செய்வாய், சொல்கிறேன்.

இங்கே பூங்காவில் எனக்கு இரண்டு சிநேகிதர்கள். ஒருவர் ரிட்டயர்டு பல் டாக்டர், இன்னொருவர் ரிட்டயர்டு பூகோள வாத்தியார். அவர்களும் என்னைப் போல் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து, எந்த ரிமோட் எதற்கு என்று தெரியாமல் முழிப்பவர்கள்தான். சனி ஞாயிறில் பக்கத்துக் கடற்கரை ஊர்கள் மூன்றையும் பார்த்துவிட்டு வருவோம், மனைவிமார் வேண்டாம், அவர்கள் வந்தால் கடலுக்கே ஸ்வெட்டர் போடச் சொல்வார்கள் என்று முடிவு செய்தோம். உன் அக்காவிடம் அனுமதி வாங்குவதற்குள் என் நாக்கு தள்ளிவிட்டது. கடைசியில் அந்தச் சால்வையை என் கழுத்தில் சுற்றி, "கடல் காத்து காதுக்குள்ள போச்சுன்னா நீங்கதான் அனுபவிப்பீங்க. இதைப் பத்திரமாத் திருப்பிக் கொண்டாங்க. இல்லேன்னா இதுதான் நீங்க தனியாப் போற கடைசி ஊர்வலம்" என்றாள். அடுத்த மாதம் மலைப் பக்கம் போக வாத்தியார் இப்போதே வரைபடம் போட்டு வைத்திருக்கிறார். என் சுதந்திரம் மொத்தமும் அந்த மஞ்சள் பார்டரில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதைப் புரிந்துகொள்.

முதல் ஊரில், கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்தைப் பார்க்கலாம் என்றேன். வாத்தியார், "அது எங்க போயிடப் போகுது? முதல்ல கலங்கரை விளக்கம் இருக்கிற ஊருக்குப் போயிடுவோம், சாயங்காலம் இங்க வந்து ரூம் போடலாம்" என்றார். சரி என்று பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பெரிய வரிசை. வரிசை என்றால் நம்மூர் வரிசை இல்லை; ஒருத்தர் மூச்சு இன்னொருத்தர் மேல் படாத வரிசை. பஸ் வந்தது. ஜன்னல் பாதி திறந்திருந்தது. அவ்வளவுதான் மச்சான், எனக்கு என்ன ஆனது என்று எனக்கே தெரியாது. ஆபீஸ் போன காலமெல்லாம் பஸ் நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடித்த கை, கேட்குமா? கழுத்தில் இருந்ததை உருவி, ஓடிப் போய், ஜன்னல் வழியாகப் போட்டுவிட்டேன். சீட்டில் அழகாக விரிந்து விழுந்தது. வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் பெருமையாகச் சிரித்தேன். அப்போது பல் டாக்டர் கத்தினார்: "ஓய், இது நம்ம பஸ் இல்லய்யா! இது மீன்பிடித் துறைமுகத்துக்குப் போறது!" சொல்லி முடிப்பதற்குள் கதவு சாத்திக்கொண்டது. பிடித்த இடம் பத்திரமாகப் புறப்பட்டுப் போனது, பிடித்தவன்தான் போகவில்லை.

அடுத்த பஸ்ஸில் துரத்தினோம். பாதி வழியில் எதிரே அந்தப் பஸ்ஸே வந்தது. பார்த்தால், உள்ளே ஆட்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், சால்வை மட்டும் ஜன்னலோரம் சொகுசாக உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வருகிறது! யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று மரியாதையாக ஒருத்தரும் அதில் உட்காரவில்லை. என்ன நல்ல ஜனங்கள், அவர்கள் நாசமாய்ப் போக. ஒருத்தராவது எடுத்துக் கீழே போட்டிருக்கக் கூடாதா? நாங்கள் துறைமுகத்தில் இறங்கி, திரும்பவும் ஏறி, முதல் ஊருக்கு வந்தால் அந்தப் பஸ் கலங்கரை விளக்க ஊருக்குப் போய்விட்டதாம். அதற்குள் வாத்தியாருக்குக் கால் வீங்கிவிட்டது. ரூம் எடுத்துப் படுத்தோம். வாத்தியார் விட்ட குறட்டையில் கடல் அலை கூடக் காதில் விழவில்லை.

ஞாயிறு காலை கலங்கரை விளக்க ஊரின் பஸ் ஆபீஸ். திறக்கும்வரை வாசல் படியில் மூவரும் காத்திருந்தோம். உள்ளே இருந்த அம்மாள், "மெரூன் கலர்தானே? அதுக்கு உரியவங்க வந்து வாங்கிட்டுப் போயிட்டாங்களே, பின்பக்கக் கதவு வழியாத்தான்" என்கிறாள்! என் தலையில் இடி விழுந்தது. உரியவன் நான் இங்கே நிற்கிறேன், எவனோ வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். பல் டாக்டர், "அவன் மட்டும் என் நாற்காலியில வந்து உக்காரட்டும், மருந்து போடாமலே பிடுங்கறேன்" என்று பல்லைக் கடித்தார். கலங்கரை விளக்கம் ஆபீசுக்குப் பின்னால்தான் இருந்ததாம். அண்ணாந்து பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. மொத்தத்தில் மூன்று கடற்கரை ஊர்களில் நான் பார்த்தது மூன்று பஸ் ஸ்டாண்டு.

வீட்டுக்கு வந்ததும் உன் அக்கா கழுத்தைத்தான் பார்த்தாள். "டாக்டருக்கு ஜலதோஷம், போர்த்திக்கக் கொடுத்திருக்கேன்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். வீடு ரெண்டுபடும் என்று நினைத்தேன். அவளோ, "ஐயோ பாவம், மெதுவாத் தரட்டும்" என்றாள். அன்றிலிருந்து டாக்டருக்கென்று தினமும் பிளாஸ்க்கில் மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தனுப்புகிறாள். டாக்டர் தொட மாட்டேன் என்கிறார். கொட்ட மனசு வரவில்லை, நானே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கிறேன். தொண்டை எரிகிறது, அதைவிட மனசு எரிகிறது. இவ்வளவு வெள்ளை மனசுக்காரியை ஏமாற்றுகிறோமே என்று உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது, மச்சான். அதனால் இதைக் கொண்டுவரும் வாத்தியாரின் மருமகனிடம் சால்வையைக் கொடுத்தனுப்பு. புதுசு என்று தெரியாமல் இருக்க ரெண்டு தடவை துவைத்துவிடு.

உன் குடும்பம் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், குறிப்பாக உன் வாய் கெட்டியாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. கையெழுத்துப் போட்டு நிமிர்வதற்குள் தோளில் கதகதப்பாக ஏதோ விழுந்தது. மெரூன் கலர், மஞ்சள் பார்டர். "குளிர்ல எழுதறீங்களேன்னு போர்த்தினேன். எழுதுங்க, எழுதுங்க" என்று பின்னால் உன் அக்கா நிற்கிறாள். நான் தொலைப்பேன் என்று தெரிந்தே உள்பக்கம் மகளின் போன் நம்பரைத் தைத்து அனுப்பியிருக்கிறாள். சனிக்கிழமையே பஸ் ஆபீசிலிருந்து போன் வந்துவிட்டதாம். ஞாயிறு காலை அம்மாவும் மகளும் காரில் போய், ஆபீஸ் திறப்பதற்கு முன்பே பின்பக்கமாக வாங்கிக்கொண்டு, கலங்கரை விளக்கத்தில் ஏறி, மணலில் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். வாசல் படியில் நாங்கள் மூவரும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்ததையும் பார்த்தார்களாம். "கூப்பிட்டிருக்கக் கூடாதா?" என்றேன். "நீங்க எங்களைக் கூப்பிட்டீங்களா?" என்றாள். அடுத்த மாதம் மலைக்கு அவளும் டாக்டர் சம்சாரமும் வாத்தியார் சம்சாரமும் போகிறார்களாம். நாங்களும் வரட்டுமா என்று கேட்டதற்கு, "இடம் இருந்தாப் பார்க்கலாம்" என்கிறாள். ஆகையால் மச்சான், சால்வையை எப்படியும் அனுப்பிவிடு. எந்தக் கலராக இருந்தாலும் பரவாயில்லை. இடம் பிடிக்க வேண்டும்.