பத்தொன்பதாம் பத்தி

எங்கள் நகர நூலக வாரியத்தின் மாதக் கூட்டம் சரியாக ஆறு மணிக்குச் சமநீதி உறுதிமொழியோடு தொடங்கும். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். “கறுப்பின மக்களுக்கு இந்நூலகத்தின் கதவுகள் ஒருகாலத்தில் அடைக்கப்பட்டிருந்ததை ஆழ்ந்த வருத்தத்துடன் ஒப்புக்கொள்கிறோம்” என்று அது ஆரம்பிக்கும். முதலில் அரைப் பக்கம்தான் இருந்தது. ரயில் பாதைக்குக் கிழக்கே, கறுப்பின மக்கள் வசிக்கும் பகுதியில் இருக்கும் கிளையின் எழுத்தர் ஒடெல் ஆகிய நான்தான் அதைத் தட்டச்சு செய்தேன். அந்தக் கதவுக்கு வெளியே நின்றவர்களில் என் அப்பாவும் ஒருவர். தட்டச்சு செய்யும்போது கண் கலங்கியது, அதை மறைப்பானேன்.

வாரியம் வருத்தத்தோடு நின்றுவிடவில்லை, நடவடிக்கையும் எடுத்தது. அநீதி நடப்பது கிழக்கில். ஆகவே கிழக்குக் கிளை ஊழியர்களுக்குத்தான் சமநீதிப் பயிற்சி அவசரத் தேவை. பயிற்சி சனிக்கிழமைதோறும் என்பதால் அன்று கிழக்குக் கிளைக்குப் பூட்டு. வெள்ளைக்காரர்கள் வசிக்கும் மேற்கில் அப்படியொரு குறை இல்லாததால் அந்தக் கிளைக்குப் பயிற்சியும் இல்லை. வாரம் ஏழு நாளும் திறந்திருக்கும். எங்களுக்குப் பயிற்சி அங்கேதான். சனிக்கிழமை திறந்திருக்கும் கட்டடம் அது ஒன்றுதானே.

இந்த ஏற்பாட்டில் வெர்னெல் பெட்வே என்ற பெண்மணி மட்டும் குறை கண்டார். ஐம்பத்திரண்டு வயது. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விட்டுப்போன பள்ளிப் படிப்புக்கு ஈடான தேர்வில் தேறினால் வார்டில் நோயாளிகளைக் கவனிக்கும் வேலைக்கு மாறலாம். பயிற்சிக் கணக்குகள் கம்ப்யூட்டரில்தான் போட்டுப் பார்க்க வேண்டும், வீட்டில் அது கிடையாது. அவருக்கு வேலை முடிவது ஐந்தரைக்கு, எங்கள் கிளை மூடுவதும் ஐந்தரைக்கு. ஞாயிறும் எங்கள் கிளைக்கு விடுமுறை. சனி, ஞாயிறுகளில் கிழக்கிலிருந்து மேற்குக்குப் பஸ்ஸும் இல்லை.

பிப்ரவரிக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசும் மூன்று நிமிடத்தில் அவர் எழுந்தார்.

“சனிக்கிழமை கதவைத் தொறங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

இயக்குநர் டாக்டர் லிண்ட்குவிஸ்ட் நெஞ்சில் கை வைத்தார். “உங்க வலி எங்களுக்குக் கேக்குது, மிஸ் பெட்வே.”

“வலியெல்லாம் இல்லம்மா. கதவுதான் பூட்டியிருக்கு.”

“அதையும் ஒப்புக்கறோம்.”

மார்ச் மாதம் உறுதிமொழியில் ஒரு பத்தி கூடியது. கிழக்குக் கிளையின் சனிக்கிழமைக் கதவு அதில் மிகுந்த உருக்கத்தோடு இடம்பெற்றது. மிஸ் வெர்னெல் மறுபடி கேட்டார். ஏப்ரலில் மேலும் நான்கு பத்திகள், பஸ் இல்லாததற்கு ஒன்று, சலவைக்கூடத்துச் சூட்டுக்கு ஒன்று என்று. வாரிய விதிப்படி எட்டு மணிக்குக் கூட்டம் முடிந்தாக வேண்டும். மே மாதம் உறுதிமொழி முடிந்தபோது மணி ஏழு ஐம்பத்தெட்டு. பட்ஜெட்டை இரண்டு நிமிடத்தில் நிறைவேற்றிவிட்டார்கள்.

“நான் பேசவே இல்லையே!” என்றார் மிஸ் வெர்னெல்.

“பதினாலாம் பத்தியில உங்க பேரே இருக்கே!” என்றார் இயக்குநர்.

“பேரு உள்ள இருக்கு, நான்ல வெளிய இருக்கேன்!”

இந்த வார்த்தை இயக்குநரை உலுக்கிவிட்டது. ஜூன் மாதம் உறுதிமொழி பதினெட்டுப் பத்தி ஆனது. ஊழியர் அனைவருக்கும் சட்டையில் குத்திக்கொள்ளப் பித்தளையில் சிறிய சாவிச் சின்னம் ஒன்றும் வழங்கப்பட்டது.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை. திங்கட்கிழமை மிஸ் வெர்னெலுக்குத் தேர்வு. பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டிய வருகைப் பதிவேட்டை எடுக்க ஒன்பதரைக்குக் கிளைக்குப் போனேன். படியில் மிஸ் வெர்னெல் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

“தம்பி, சட்டையில என்னது?”

“சாவி. சும்மா சின்னம்.”

“கையில?”

“அது... சாவி.”

“ஒரு மணி நேரம் போதும்ப்பா. இந்தப் பின்னக் கணக்குதான் மண்டையில ஏறல. யாருக்குத் தெரியப்போகுது?”

“பத்து மணிக்குப் பயிற்சி, மிஸ் வெர்னெல். லேட்டா போனா, சமநீதியில அக்கறை இல்லாதவன்னு எழுதிடுவாங்க.”

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “உங்கப்பா நின்ன படி வேற, இந்தப் படி வேறயா?” என்று மட்டும் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே உள்ளே போய்ப் பதிவேட்டை எடுத்தேன், வெளியே வந்து பூட்டினேன், வழக்கம்போல இரண்டு முறை இழுத்தும் பார்த்தேன்.

அன்றைய பயிற்சியில் ஒரு கேள்வி: “பூட்டிய கதவைக் கண்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?” நான் கை தூக்கி, “ஒப்புக்கொள்ள வேண்டும்” என்றேன். முழு மதிப்பெண் கொடுத்தார்கள்.

மிஸ் வெர்னெல் கணக்கில் மூன்று மதிப்பெண் குறைந்து தோற்றார். ஜூலைக் கூட்டத்தில் பத்தொன்பதாம் பத்தி அதற்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. எல்லோரும் எழுந்து நின்றோம். தட்டச்சில் ஒரு பிழைகூட இல்லை என்று இயக்குநர் என்னைப் பாராட்டினார்.