பின்லாந்துப் பெட்டி

"இது ஸ்வீடன்," என்றார் ஓர்ட்வின், பார்சலைப் பிரித்த கத்தியைக்கூடக் கீழே வைக்காமல்.

மாடியில் குடியிருக்கும் அவருடைய அக்கா கெர்லிண்டெ காப்பிக் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள். "பொம்மைதானேடா கேட்டே? பொம்மை வந்திருக்கு. அப்புறம் என்ன?"

"பொம்மைய யாரு கேட்டா? பெட்டியத்தான் கேட்டேன்."

கெர்லிண்டெ பெருமூச்சு விட்டாள். தம்பி பேசுவது அவளுக்குப் புரியாமல் இல்லை. நாற்பது வருடமாகப் புரிந்துதான் பெருமூச்சு விடுகிறாள்.

ஓர்ட்வினுக்கு ஐம்பத்தெட்டு வயது. காஸல் நகரத்து லிஃப்டுகளைச் சோதித்துச் சான்று கொடுக்கிற உத்தியோகம். ஒரு திருகாணி கால் சுற்று தளர்ந்திருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் உயிரையே வைத்திருந்தது நார்டோ என்ற பொம்மையின் மேல். சாவி கொடுத்தால் நாயை இழுத்துக்கொண்டு நடக்கும் பனிப்பயணி அது. அவர் சிறுவனாக இருந்தபோது ஐரோப்பா முழுக்க விற்றது. கம்பெனி மூடியே பல காலம் ஆகிறது.

பொம்மை ஒன்றுதான். ஆனால் நாட்டுக்கு நாடு வேஷம் மாற்றினார்கள். ஜெர்மனியில் குழந்தைகள் சாமானில் கோடரி ஆகாது என்று அதைப் பிடுங்கிக்கொண்டு பொம்மை கையில் லாந்தர் விளக்கைக் கொடுத்தார்கள். இத்தாலியில் தொப்பி சிவப்பு. ஸ்பெயினில் ஏனோ மீசை வைத்தார்கள். பிரிட்டன் பெட்டியில் ஐந்து வயதுக்கு மேல் என்று போட்டிருக்கும், பிரான்ஸ் பெட்டியில் நாலு வயதுக்கு மேல். பிரெஞ்சுக் குழந்தைகளுக்கு ஒரு வருட விவரம் கூட என்று கம்பெனி நினைத்திருக்க வேண்டும். சுவிட்சர்லாந்துப் பெட்டியில் மூன்று மொழிகளையும் எழுதி முடித்தபோது நார்டோவின் படத்துக்கு இடம் இல்லாமல் போய், பாதி முகம்தான் தெரியும்.

பதினாலு நாட்டுப் பெட்டிகள் என்பது அவர் கணக்கு. பதின்மூன்று கண்ணாடி அலமாரியில் இருந்தன, ஒட்டுக்கூடப் பிரியாமல். பின்லாந்து மட்டும் இல்லை. அந்தப் பெட்டியில் ஃபின்னிஷ், ஸ்வீடிஷ் இரண்டு மொழியும் இருக்கும். நாய் பழுப்பாக இல்லாமல் சாம்பல் நிறத்தில் இருக்கும். அக்டோபரில் நகர அருங்காட்சியகம் அவருக்கு ஒரு முழு அறையே கொடுக்கப் போகிறது. அதற்குள் அது வந்தாக வேண்டும். முப்பது வருடம் சேர்த்தவர் ஓட்டை விழுந்த வரிசையின் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுக்க முடியுமா?

கல்யாணம் இல்லை. ஒரு தடவை நிச்சயம் வரை போனது. அந்தப் பெண் ஆசையாக ஆஸ்திரியப் பெட்டியைத் திறந்து பொம்மைக்குச் சாவி கொடுத்தாள். நாய் நடந்தது. நிச்சயம் நின்றது.

சேகரிப்பாளர் பத்திரிகையில் வந்த சின்ன விளம்பரத்தைப் பார்த்துத்தான் அவர் பின்லாந்தில் ராவ்மா என்ற ஊரில் இருந்த வூக்கோ என்ற பெண்மணிக்கு, பின்லாந்துப் பெட்டி கேட்டு எழுதினார். 'நார்டோ பெட்டிகள் சில உண்டு. பதிலுக்குப் பெட்டி தந்தால் போதும்' என்று போட்டிருந்தாள். கணவரை இழந்தவள், பள்ளியில் ஜெர்மன் படித்தவள், மின்னஞ்சல் ஒத்துவராதவள். இரண்டு பக்கக் கடிதத்தோடு முதலில் வந்த பெட்டிதான் இந்த ஸ்வீடன்.

"பாவம், பாதி மொழி சரியாத்தான் இருக்கு," என்றார் ஓர்ட்வின். "புதுசுக்கு வர்ற குழப்பம்தான். எடுத்துச் சொன்னா புரிஞ்சிக்குவாங்க."

எடுத்துச் சொன்னார், நாலு பக்கம். பதிலுக்கு நார்வே பெட்டி வந்தது. கூடவே ஒரு ஜோடி கம்பளிக் கையுறை. கடிதத்தில் பெட்டியைப் பற்றி மூன்று வரி, கடல் உறைந்துபோனது பற்றி மூன்று பக்கம்.

கையுறை அவருக்கு அளவெடுத்த மாதிரி இருந்தது. அளவு எப்படித் தெரிந்தது என்று எழுதிக் கேட்டார். 'உங்கள் எழுத்து பெரிசு, அதனால் கையும் பெரிசாக இருக்கும் என்று நினைத்தேன்' என்று பதில் வந்தது. ஓர்ட்வின் அதை இரண்டு முறை படித்தார். லிஃப்டுச் சான்றைத் தவிர வேறு எதையும் அவர் இரண்டு முறை படித்ததில்லை.

அடுத்தபடியாகப் படம் வரைந்து அனுப்பினார். ஐந்து வட ஐரோப்பியக் கொடிகளில் தேவைப்பட்ட நாலைத்தான் போட்டார். எந்த எழுத்தின் தலையில் புள்ளி, எந்த எழுத்தின் குறுக்கே கோடு என்று அம்புக்குறியோடு, அளவுகோல் வைத்து, நாலு வண்ண மையில் எழுதினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது.

'உங்கள் படம் எவ்வளவு அழகு! சட்டம் போட்டுச் சமையலறையில் மாட்டிவிட்டேன். பெட்டி இத்துடன்' என்று எழுதியிருந்தாள் வூக்கோ.

பெட்டி டென்மார்க்.

"டேய், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லேண்டா," என்றாள் கெர்லிண்டெ. "பார்த்துட்டு ஆமா, இல்லைன்னு சொல்லு. இதுக்குப் போய் மூளையக் கசக்கிக்கிட்டு!"

போட்டோ வந்தது. பெட்டியின் மேல் ஒரு கொழுத்த பூனை உட்கார்ந்திருந்தது. எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வால்.

"எழுப்பி விட்டுட்டு எடுக்கக் கூடாதா?"

"தூங்கிக்கிட்டு இருந்துச்சாம். எழுப்ப மனசு வரலியாம்," என்றார் ஓர்ட்வின். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. அதைப் பார்த்து கெர்லிண்டெ கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

ஓர்ட்வினுக்குக் கோபமே வரவில்லை. அதுதான் அவருக்கே கவலையாக இருந்தது. காலையில் காப்பிக்கு முன்னால் தபால் பெட்டியைப் பார்க்கப் போவது பழக்கமாகிவிட்டது. கடிதம் இல்லாத நாளில் லிஃப்டுகளிடம் கடுமையாக நடந்துகொண்டார்.

கடைசியில் தொலைபேசியில் கூப்பிட்டார். குரல் மெல்லிசாக, கொஞ்சம் கரகரப்பாக இருந்தது.

"நாய் என்ன கலர்னு மட்டும் சொல்லுங்க."

"இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்... சாம்பல்."

"நிஜமாவா? பழுப்பு இல்லையே?"

"சாம்பல்தாங்க. எங்க ஊரு வானம் மாதிரி."

அன்றைக்கே அருங்காட்சியகத்துக்குச் சொல்லிவிட்டார். அவர்களும் 'பதினாலு நாடுகள், முழுத் தொகுப்பு' என்று அழைப்பிதழ் அச்சடித்து ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்கள்.

எட்டாம் நாள் பார்சல் வந்தது. நாய் சாம்பல்தான். பெட்டி ஐஸ்லாந்து.

ஓர்ட்வின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஐஸ்லாந்தில் நார்டோ விற்றதாக எந்தப் பட்டியலிலும் இல்லை, எந்தச் சேகரிப்பாளரும் சொன்னதில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இருந்த ஓட்டை அடைபடவில்லை, முழுத் தொகுப்பு பதினாலிலிருந்து பதினைந்தாகிவிட்டது, அழைப்பிதழோ ஊர் பூராவும் போய்விட்டது.

"அந்தம்மா வேணும்னே உன்னைப் படுத்தறாளோ?" என்றாள் கெர்லிண்டெ.

"சேச்சே, அப்படிச் சொல்லாதே அக்கா. கள்ளங்கபடமே தெரியாதவங்க. இந்த ஐஸ்லாந்து எவ்வளவு அபூர்வம்னுகூட அவங்களுக்குத் தெரியல. வீட்டுல என்ன கிடக்குன்னே புரியாம எடுத்து எடுத்து அனுப்பறாங்க."

"அப்போ நேரா போய்ச் சொல்லிக் குடுத்துட்டு வா. இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. உன் கடுதாசியெல்லாம் அடுத்த ஜென்மத்துக்குத்தான் ஆகும்."

ஓர்ட்வின் பூதக்கண்ணாடி, அளவுகோல், வந்த நாலு பெட்டிகள், புதிதாக வாங்கிய சட்டை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். சட்டை எதற்கு என்று கெர்லிண்டெ கேட்கவில்லை. இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

பால்டிக் கடலில் முப்பது மணி நேரம் கப்பல், பிறகு பஸ். வழி முழுக்க அவர் ஒத்திகை பார்த்தது ஒன்றே ஒன்றுதான்: அவள் மனம் நோகாமல் தவறைச் சொல்வது எப்படி?

ராவ்மாவின் மர வீடுகளுக்கு நடுவில் மஞ்சள் பூச்சு அடித்த வீடு. கதவைத் திறந்த வூக்கோ, குட்டையாக, நரைத்த பின்னலோடு இருந்தாள். அவரைப் பார்த்ததும் கை கதவிலேயே நின்றுவிட்டது.

"அய்யோ, நீங்களே வந்துட்டீங்களா?" என்றாள். முகம் காது வரை சிவந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் விளக்கிச் சொல்லலாம்னு..."

"உள்ளே வாங்க. பெட்டி மாடியில எங்கியோ இருக்கு, அப்புறமாத் தேடலாம். முதல்ல காப்பி."

சமையலறையில் அவருடைய அம்புக்குறிப் படம் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. அதன் கீழே நாலு பெட்டிகளையும் வரிசையாக வைத்து ஓர்ட்வின் பாடம் ஆரம்பித்தார். லவங்கப்பட்டை போட்ட ரொட்டியும் காப்பியும் ஆறிப்போயின.

"இதோ பாருங்க. வட்டத்துக்குக் குறுக்கே கோடு இருந்தா நார்வேயோ டென்மார்க்கோதான். மேலே ரெண்டு புள்ளி இருந்தா ஸ்வீடனோ உங்க பின்லாந்தோ."

"ரெண்டு புள்ளியா!" என்றாள் வூக்கோ, கன்னத்தில் கை வைத்து. ரொட்டி உறையில், காப்பி டப்பாவில், ஜன்னலுக்கு வெளியே தெரிந்த தெருப் பலகையில் எல்லாம் அந்த ரெண்டு புள்ளிதான். ஓர்ட்வினின் கண் பெட்டியை விட்டு நகர்ந்தால்தானே?

"கஷ்டமா இருக்கா?"

"கொஞ்சம். இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

சொன்னார். மூன்றாம் தடவையும் சொன்னார். வாழ்க்கையில் யாரும் அவர் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டதில்லை. சீக்கிரம் புரிந்துவிடக் கூடாதே என்று அவருக்கே ஒரு ஆசை வந்தது. நாலாம் தடவை ஆரம்பித்தபோது பின்கதவு வழியாக ஒரு பருத்த பெண்மணி கேக் தட்டோடு உள்ளே வந்தாள். பக்கத்து வீட்டு சிர்க்கா. கப்பல் உணவகத்தில் வேலை பார்த்தவள், ஜெர்மன் தண்ணீர் பட்ட பாடு.

"தட்டைக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். யாருடி இது? அந்தப் பெரிய எழுத்துக்காரரா?"

"சிர்க்கா, நீ அப்புறம் வாயேன்," என்றாள் வூக்கோ அவசரமாக.

"இருக்கட்டுங்க," என்றார் ஓர்ட்வின் பெருந்தன்மையோடு. "ஒண்ணும் ரகசியம் இல்ல. அம்மா நாலு தடவை பெட்டிய மாத்தி அனுப்பிட்டாங்க. அவங்க மேல தப்பே இல்ல. புதுசா வர்றவங்களுக்கு இந்த நாடுகளைப் பிரிச்சுப் பார்க்கத் தெரியாது. அதான் உக்காந்து சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்."

சிர்க்கா அவரைப் பார்த்தாள், வரிசையாக இருந்த பெட்டிகளைப் பார்த்தாள், மேஜைத் துணியின் ஓரத்தைத் திருகிக்கொண்டு குனிந்திருந்த வூக்கோவைப் பார்த்தாள். தட்டை மெதுவாக வைத்தாள்.

"யாரு, இவளுக்கா தெரியாது? வட ஐரோப்பாவுல வித்த நார்டோ பெட்டி அத்தனையும் அச்சானது எங்க ஊர் அச்சகத்துலதான், ஒவ்வொண்ணையும் எழுத்தெழுத்தாச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பினதே இவதான் — கண்ணக் கட்டி விட்டாக்கூட எந்தப் பெட்டி எந்த நாடுன்னு தடவிப் பார்த்தே சொல்லிடுவா!"