அவசரமில்லாத கடன்

கடைக்கார மணியம்மாள் காசு வாங்க மறுத்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று அருணகிரிக்குப் பட்டது.

வழக்கம்போல ஐம்பது காசுக்கு நல்லெண்ணெய் கேட்டிருந்தார். அவள் கிண்ணம் நிறைய ஊற்றினாள். அதற்கு மேலும் ஒரு கரண்டி விட்டாள். அவர் நீட்டிய நாணயத்தை அவர் பக்கமே தள்ளினாள்.

"வெச்சுக்குங்க சார். உங்களுக்கு ஆயிரம் செலவு இருக்கும்."

"இன்னாம்மா இது? கடைசி சொட்டு வரைக்கும் கணக்குப் பாக்கறவளாச்சே நீ?"

"அது அப்போ. இப்பதான் உங்களுக்குப் பென்சனு நின்னுபோச்சாமே. கேட்டதிலேர்ந்து எனக்குச் சோறே எறங்கல."

"நின்னுபோச்சா? யாரு சொன்னது?"

"யாரு சொல்லணும்? பாத்தாலே தெரீதே." அவள் பார்வை கீழே இறங்கி, அவர் இடது கையில் தொங்கிய செருப்பில் நின்றது.

ஜமுனாமரத்தூரின் கல்பாதை ஒரு ஜோடிச் செருப்பை நான்கு மாதத்தில் தின்றுவிடும். அதனால் வீட்டிலிருந்து கடைத்தெரு வரை செருப்பைக் கையில் எடுத்துவருவார். கடைத்தெரு வந்ததும் காலில் போட்டுக்கொள்வார். இன்று ஏதோ யோசனையில் மறந்துவிட்டார்.

வனத்துறைக் கிடங்கில் இருபத்தேழு வருடம் கிளார்க்காக இருந்தவர் அருணகிரி. ஐம்பத்தோரு வயதில், சமவெளிக்கு மாற்றல் உத்தரவு வந்த அன்றே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டார். மலையில் கட்டிய வீட்டை விட்டுப் போக அவருக்கு மனமில்லை. அந்த வீட்டின் பத்திரமோ மலைக்குக் கீழே கலசப்பாக்கத்து அரிசிக் கடைக்காரர் கோபால்சாமியின் பெட்டியில் இருந்தது. மகள் கல்யாணத்துக்காக வாங்கிய பத்தாயிரம். ரெண்டு வட்டி. மாதம் பிறந்தால் இருநூறு ரூபாய். அசலைத் துண்டு துண்டாகக் கட்ட முடியாது, ஒரே கையாகத்தான் கட்ட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. இரண்டு மாதம் வட்டி தவறினால் மொத்தத்தையும் உடனே கேட்கலாம், இல்லையென்றால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம் என்றும் எழுதியிருந்தது.

ஓய்வு பெற்றபோது வந்த ஏழாயிரத்தைத் தபாலாபீசில் போட்டார். மீதி மூவாயிரத்தைப் பென்ஷனிலிருந்து இரண்டு வருடத்தில் மிச்சம் பிடித்துவிடுவது என்று முடிவு செய்தார். அரிசி போய்ச் சாமை வந்தது. பேப்பர் படிப்பது பஞ்சாயத்து ஆபீசில். தலைமுடியை மனைவி வடிவு தையல் கத்தரிக்கோலால் வெட்டினாள். அதன் பிறகு ஒரு வாரத்துக்கு அவர் துண்டைத் தலையிலிருந்து எடுக்கமாட்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இப்போது ஊரே அவருக்காகப் பரிதாபப்படுகிறது.

வீட்டுக்கு வந்தால் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலி ஒரு குண்டான் குழம்போடு நின்றிருந்தாள்.

"மிச்சமாயிடுச்சு சார். எங்களுக்கு இவ்ளோ எதுக்கு?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே வைத்துவிட்டுப் போனாள்.

"நல்லதாப் போச்சு, ராத்திரிக்கு ஆச்சு" என்றாள் வடிவு.

"நல்லதா? இந்தப் பேச்சு பஸ் ஏறிக் கீழ எறங்கினா இன்னா ஆவும் தெரியுமா? மேல ஒருத்தன் தும்மினா, கலசப்பாக்கம் போறதுக்குள்ள அவனுக்குக் காரியமே முடிஞ்சுடும். கோபால்சாமி காதுல வுழுந்தா?"

விழுந்துவிட்டிருந்தது. மறுநாள் பகல் பஸ்ஸில் சடையன் வந்து இறங்கினார். முப்பது வருடமாகக் கோபால்சாமியோடு இருப்பவர். கையில் அரை டஜன் சாத்துக்குடி.

"எங்க ஐயா உங்கள நேர்ல பாத்துட்டு வரச் சொன்னாரு சார். உடம்பு கிடம்பு நல்லாத்தான இருக்கு?"

"எனக்கென்ன? கல்லாட்டம் இருக்கேன்."

"பென்சனு?"

"அதுவும் கல்லாட்டம் இருக்கு."

சடையன் நிம்மதியாக மூச்சு விட்டார். "ஐயா சொல்லிட்டு வரச் சொன்னாரு. அசலுக்கு அவசரமே இல்லியாம். இன்னும் அஞ்சாயிரம் வேணும்னாக்கூட கூச்சப்படாம கேக்கச் சொன்னாரு."

சடையன் போனதும் அருணகிரி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"ஏங்க, நல்ல மனுசனாத்தான பேசறாரு?"

"வடிவு, கடன் குடுத்தவன் அவசரமில்லன்னு சொல்லி எங்கியாவது கேட்டிருக்கியா? பஸ் ஸ்டாண்ட பெருசாக்கப் போறாங்களாம். நம்ம வூடு ரோட்டு மேல இருக்கு. இன்னும் அஞ்சாயிரத்தத் தலையில கட்டி, நான் வட்டி குடுக்க முடியாம முழிக்கறப்போ வூட்ட வாரிக்கினு போவப் போறான்."

அன்று அவர் சாத்துக்குடியைத் தொடவில்லை. பிறகு வீணாகக்கூடாதே என்று இரண்டு தின்றார்.

விடிந்ததும் ஒரு முடிவுக்கு வந்தார். தான் வசதியாக இருப்பதை ஊர் பார்க்க வேண்டும். ஊர் பார்த்தால் கலசப்பாக்கம் பார்க்கும்.

கல்யாண வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் காலிலேயே போட்டுக்கொண்டு, டீக்கடைக்குப் போனார். உள்ளே நான்கு பேர் இருப்பதை வாசலிலிருந்தே எண்ணிக்கொண்டு, "எல்லாருக்கும் ஒரு டீ போடுப்பா, என் கணக்கு" என்று சத்தமாகச் சொன்னார். சொல்லி வாய் மூடுவதற்குள் போளூர் பஸ் வந்து நின்று, பதினோரு பேர் உள்ளே நுழைந்தார்கள்.

வீடு திரும்பியவர் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் பேசினார். "இது கட்டாது. செலவில்லாம ஏதாச்சும் பண்ணணும். வடிவு, இன்னிக்கிக் கறிக்கொழம்பு வெய்யி."

"கறிக்குத் துட்டு?"

"கறி எதுக்கு? பட்டை, கிராம்பு, வெங்காயத்தப் போட்டு நல்லா வறு. ஜன்னலத் தெறந்து வெய்யி. மணம் போனாப் போதும்."

வடிவு அவரை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு வறுத்தாள். மணம் தெருக்கோடி வரை போனது. அருணகிரி வாசலில் நின்று பல் குத்தினார்.

கால்மணி நேரத்தில் பாஞ்சாலி கிண்ணத்தோடு வந்தாள்.

"சார், தப்பா நெனச்சுக்காதீங்க. எம் பொண்ணு மாசமா இருக்கறாளா, வாசனை வந்ததும் கறிக்கொழம்பு வேணும்னு ஒரே அடம். ரெண்டே துண்டு போதும்."

அருணகிரி பல் குத்திய குச்சி கீழே விழுந்தது. "இன்னும் வேவலம்மா. வெந்ததும் நானே கொண்டாந்து தர்றேன்" என்று அனுப்பிவிட்டு, கொல்லை வழியாகக் கறிக்கடைக்கு ஓடினார். அரைக் கிலோ. பத்து ரூபாய். அன்று கணவனும் மனைவியும் ருசித்துச் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு என்று அவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆனால் வேலை நடந்தது. மூன்றே நாளில் ஊர் அவரை ஏழை என்று சொல்வதை விட்டுவிட்டது. மணியம்மாள் எண்ணெயைக் குறைத்து ஊற்றினாள். அருணகிரி மகிழ்ந்துபோனார். அந்த மகிழ்ச்சி சனிக்கிழமை வரை இருந்தது.

சனிக்கிழமை டீக்கடைப் பக்கம் அவர் வந்ததும் பேச்சு நின்றது. ஒருவர் எழுந்து போனார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "சார், ஒண்ணு கேக்கலாமா? கட்டை இப்போ கிலோ இன்னா வெலைக்குப் போவுது?" என்றார்.

"எந்தக் கட்டை?"

"அதான் சார், மணக்கற கட்டை." கண்ணடித்தார்.

அருணகிரிக்குப் புரிந்தது. பென்ஷனும் இல்லை, கையில் பணமும் புரள்கிறது, வேலை பார்த்ததோ வனத்துறைக் கிடங்கில். ஊர் கூட்டிக் கழித்துச் சந்தனக்கட்டைக் கடத்தலுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு வாசலில் ஜீப் நின்றது. வனக்காவலர் ராஜேந்திரன் தொப்பியைக் கையில் பிடித்தபடி இறங்கினார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாளில் சம்பள பில் எழுதியவரே அருணகிரிதான்.

"சார், மன்னிக்கணும். யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருக்காங்க. பாத்துட்டுப் போய்ட்றேன்."

"பாருப்பா. இங்க இன்னா இருக்குது?"

தெருவே வாசலில் கூடிவிட்டது. கட்டிலுக்கடியில் பார்த்தார்கள், பரண் மேல் பார்த்தார்கள். சந்தனம் என்று கிடைத்தது சாமி படத்துக்கு வைக்கும் ஒரு சுண்டுவிரல் துண்டுதான். அதுவும் தேய்ந்தது. ராஜேந்திரன் புறப்படும்போது, கூட வந்த ஆள் சாமைப் பானைக்குள் கையை விட்டு ஒரு துணி மூட்டையை வெளியே எடுத்தான். அவிழ்த்ததும் ரூபாய் நோட்டுகள். எல்லாம் ஒன்றும் இரண்டும் ஐந்துமாக.

கூட்டம் "ஓ" என்றது.

"எண்ணுனா ரெண்டாயிரத்தி எழுநூத்தி நாப்பது இருக்கும்" என்றார் அருணகிரி. "எல்லாம் மிச்சம் புடிச்சது."

"சார், நான் நம்பறேன். ரேஞ்சர் நம்பணுமே. ஏதாச்சும் சாட்சி?"

அருணகிரி உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். ராஜேந்திரன் பிரித்துப் படித்தார். பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கத்தில் சத்தமாகவே படித்தார்.

"முடி வெட்டியது வடிவு. மிச்சம் ஒரு ரூபாய். செருப்பு கையில். மிச்சம் சுமார் பத்து காசு. பாஞ்சாலி வீட்டு அடுப்பிலிருந்து நெருப்பு. மிச்சம் ஒரு தீக்குச்சி."

"ஐயையோ, தெனம் நெருப்பு கேட்டது இதுக்கா?" என்று கூட்டத்திலிருந்து பாஞ்சாலியின் குரல் வந்தது.

"கறி மணம், முப்பது காசு. கறி, பாஞ்சாலியால், பத்து ரூபாய்."

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். பிறகு எல்லோரும். மணியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வடிவு கதவுக்குப் பின்னால் போய் நின்றாள். அருணகிரிக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்தால் நன்றாக இருக்கும் என்றிருந்தது.

ராஜேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. மூட்டையைத் திரும்பக் கட்டி அவர் கையில் வைத்தார். "சார், இந்த நோட்ட ரேஞ்சர்கிட்டக் காட்டிட்டுத் திருப்பித் தர்றேன். எம் பொண்டாட்டிகிட்டயும் ஒரு வாட்டி காட்டிக்கறேன்."

ஊர் சிரித்து ஓய்வதற்குள் கோபால்சாமியே வந்துவிட்டார். பகல் பஸ்ஸிலிருந்து இறங்கி ஓடிவந்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பின்னால் சடையன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தார்.

"அருணகிரி! உங்கள ஜீப்புல ஏத்திக்கினு போய்ட்டாங்கன்னு கீழ வந்த பஸ்ல சொன்னாங்களே! பென்சனு இன்னா ஆவும்?"

எனக்கு என்ன ஆகும் என்று கேட்கவில்லை, பென்ஷனுக்கு என்ன ஆகும் என்று கேட்கிறான் என்பதை அருணகிரி கவனித்தார். இத்தனை நாள் அடக்கி வைத்த பயமெல்லாம் ஒரேயடியாகக் கோபமாக மாறியது. இனி மறைக்க ஊரில் ஒன்றும் பாக்கியில்லை.

"உக்காருங்க. பென்சனு ஒழுங்கா வருது. நான் திருடவும் இல்ல, கெட்டுப்போவவும் இல்ல. வயித்தக் கட்டி வாயக் கட்டிச் சேத்தேன். தபாலாபீசுல ஏழாயிரம். இதுல ரெண்டாயிரத்தி எழுநூத்தி நாப்பது. இன்னும் இருநூத்தி அறுபதுதான். தை பொறந்ததும் பத்தாயிரத்தையும் ஒரே கையா வெச்சுடறேன். பத்திரத்தக் கொண்டாந்து குடுத்துடுங்க. அதோட நம்ம கணக்கு முடிஞ்சுது."

கோபால்சாமியின் முகம் வெளுத்துப்போனது. கவிழ்த்து வைத்திருந்த உரலின் மேல் உட்கார்ந்தார்.

"தைக்கா? வர்ற தைக்கா?"

"வர்ற தைக்குத்தான்."

"இன்னாத்துக்குங்க அவசரம்? நல்லா சாப்புடுங்க. உடம்பக் கவனிங்க. ஒரு பத்து வருசம் போவட்டுமே."

"அப்போ வூட்டு மேலதான் கண்ணு!" என்று அருணகிரி கத்தினார். "நான் உயிரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது!"

வடிவு கொண்டுவந்த தண்ணீரைக் கோபால்சாமி குடித்தார். எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல், பஸ் ஸ்டாண்டைப் பார்த்து மெல்ல நடந்தார். போகிற வழியில் ஒரு தரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைத் தெருவே பார்த்தது.

"இன்னாய்யா உங்க ஐயா?" அருணகிரி சடையனைப் பிடித்து நிறுத்தினார். "கடனைக் கட்றேன்னா யாராச்சும் அழுவாங்களா? உண்மையச் சொல்லு. இந்த வூட்ட இன்னா பண்றதா இருந்தாரு?"

சடையன் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"வூடு யாருக்கு சார் வேணும்? ஊர் பூராக் கடன் குடுத்தாரு, தேதி தவறாம வட்டி குடுக்கறது நீங்க ஒருத்தருதான். அந்த இருநூறு ரூபாய நம்பித்தான் போன ஆவணியில கடைய மூடிட்டு, எங்க ஐயாவும் ரிட்டயர் ஆயிட்டாரு."