ஜப்பான் பேய்க்கு மாதனூரில் வைத்தியம்

மனிதனுக்குப் பேய் ஓட்ட ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். வண்டிக்குப் பேய் பிடித்தால் யாரிடம் போவது? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் வட ஆற்காட்டு மக்கள் தவித்துக்கொண்டிருந்த 2009-ஆம் வருடத்தில்தான், மாதனூர் நெடுஞ்சாலை ஓரத்துத் தகரக் கொட்டகையில் கியர் சாமி அவதரித்தார்.

சனிக்கிழமை வந்துவிட்டால் போதும். கொட்டகை வாசலிலிருந்து அரை கிலோமீட்டருக்கு வண்டிகள் வரிசை கட்டும். ஜோலார்பேட்டை ரயில்வேக்காரர்களின் மொபெட்டுகள், ராணிப்பேட்டை கெமிக்கல் லாரிகள், மேல்விஷாரத்துப் பளபளப்பான கார்கள், போதாக்குறைக்கு ஒரு கல்யாண பேண்டு செட்டின் வேன். சாமியிடம் சாதி மத பேதம் கிடையாது. இந்துவுக்கு எலுமிச்சம்பழம், முஸ்லிமுக்குத் தாயத்து, கிறிஸ்தவருக்கு எண்ணெய். மூன்றும் ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து வரும். எண்ணெயில் மட்டும் லேசாக கிரீஸ் வாசனை அடிக்கும். அதைத்தான் சக்தி என்றார்கள்.

"சாமி கை வெச்சா செத்த பேட்டரி எழுந்து உக்காருது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார் எதிர்க்கடை டீக்காரர். சனிக்கிழமை மட்டும் அவருக்கு முந்நூறு டீ கூடுதலாக ஓடியது. அவர் ஏன் சந்தேகப்படப் போகிறார்?

அடுத்த வருடக் கோடையில் அந்த வரிசையில்தான் ஆம்பூர் நத்தானியேல் தம் காருக்குள் வியர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருந்தார்.

நத்தானியேலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோல் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகத் தரம் பிரிக்கிறவர். ஒரு தோலை வெளிச்சத்தில் விரித்து, கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் போதும், உண்ணி கடித்தது எங்கே, முள் கீறியது எங்கே என்று ஆட்டின் சரித்திரத்தையே சொல்லிவிடுவார். முதலாளியே வந்து "இது முதல் தரம்" என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார். "விரிச்சுக் காட்டுங்க" என்பார்.

அப்படிப்பட்டவர் பழைய கார் வாங்கப் போனபோது எதை விரித்துப் பார்த்தார்? சீட்டைத்தான். தோல் சீட். தடவிப் பார்த்தார். கீறல் இல்லை, மடிப்பு இல்லை, அசல் முதல் தரம். இன்ஜின் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டார்.

"இது ஹைபிரிட் கார் சார்" என்றான் புரோக்கர் பிரேம்நாத்.

"அப்டின்னா?"

"ஹைபிரிட் தக்காளி பாத்ததில்ல? அந்த மாதிரிதான். காய்ப்பு ஜாஸ்தி, செலவு கம்மி."

நத்தானியேலுக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. பி.எஃப். பணத்தை மொத்தமாக எடுத்துக் கொடுத்து வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவர் பரம்பரையில் முதல் கார் அது. மனைவி ஃபீபி வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் டெக்னீஷியன். இருபது வருடமாகத் தினமும் இரண்டு பஸ் மாறிப் போய் வருகிறவள். "இனிமே நீ பஸ்ல தொங்க வேணாம்" என்று அவளிடம் சாவியைக் காட்டினார். ஃபீபிக்குக் கண் கலங்கியது.

மூன்றாம் நாள் பேய் வந்தது.

ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். நத்தானியேல் பிரேக்கை மிதித்து நிறுத்தினார். இன்ஜின் தானாக அணைந்துவிட்டது. முன்னால் ஒரு பச்சை விளக்கு கண்ணைச் சிமிட்டியது. பெட்ரோல் இருக்கிறது, சாவியை யாரும் தொடவில்லை. ரயில் போயிற்று, கேட் திறந்தது. மெதுவாகக் காலைப் பிரேக்கிலிருந்து எடுத்தார். வண்டி தானாக உயிர்பெற்று, 'போகலாமா?' என்பதுபோல் நகர்ந்தது. "இயேசுவே!" என்று அவர் போட்ட சத்தத்தில் கேட் கீப்பர் கொடியைக் கீழே போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு சிக்னலுக்குச் சிக்னல் இதே கூத்து. சபை ஆயரிடம் போனார். ஆயர் ஜெபம் செய்துவிட்டு, "நல்ல மெக்கானிக் கிட்ட காட்டுங்க" என்றார். மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடினான். "சார், இதுல என்னவோ ஜாஸ்தியா இருக்குது. நான் தொடமாட்டேன்."

உதவிக்கு வந்தவன் பிரேம்நாத்தான். எவ்வளவு நல்ல மனசு! "கியர் சாமி கிட்ட போங்க சார். அவரு பாத்தா ஒரே நிமிஷம்" என்றான். கியர் சாமியின் இயற்பெயர் ரத்தினசாமி என்பதையோ, அவர் இவனுடைய அக்காள் புருஷன் என்பதையோ அவன் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வான்?

முதல் சனிக்கிழமை சாமி காரைச் சுற்றி வந்து மோந்து பார்த்தார். சிவப்புத் துணியில் சுற்றிய தடித்த கட்டு ஒன்றை எடுத்து, துணிக்குள்ளேயே தலையை விட்டுப் படித்தார். அது சித்தர்கள் வண்டிகளுக்கென்றே எழுதிவைத்த ரகசியச் சுவடியாம். எந்தச் சித்தர் எந்த வண்டி ஓட்டினார் என்று யாரும் கேட்கவில்லை.

"ஜப்பான் பேய்டா இது!" என்று சாமி கத்தினார். கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது. "கப்பல்லயே ஏறி வந்திருக்குது. தமிழ்ல மந்திரம் சொன்னா அதுக்குப் புரியாது!"

கார் முழுக்கச் சாம்பிராணிப் புகை போட்டுவிட்டு, சாமி மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். "ஹோய் ஹை ஹுய்" என்று ஜப்பான் மொழியில் மந்திரம் கேட்டது. வெளியே வந்தபோது ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் துணியை ஒட்டியிருந்தார். "நாப்பத்தெட்டு நாள் இத்தப் பிரிக்கக் கூடாது. பிரிச்சா ரத்தம் கக்குவே!"

ஓட்டிப் பார்த்தார்கள். பிரேக்கை மிதித்தாலும் இன்ஜின் அணையவில்லை! அதைவிடப் பெரிய அதிசயம், முன்கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பூத்தாற்போல் பனி படிந்தது. வேலூர் ஜில்லாவில், கோடை மழை பெய்து ஓய்ந்த மத்தியானத்தில், பனி!

"பேயோட மூச்சு!" என்றார் சாமி. "கண்ணாடி வழியா வெளிய போவுது!" நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மொபெட்காரர் ஒருவர் விழுந்தே கும்பிட்டார்.

பேய் போனது சரி. ஆனால் ஏ.சி. காற்று முழுக்கக் கண்ணாடிக்கே போயிற்று. முகத்துக்கு ஒரு பொட்டு வரவில்லை. கண்ணாடி ஊட்டியில் இருந்தது, நத்தானியேல் வேலூரில் இருந்தார். நாலு நாள் வெந்துபோய், ஐந்தாம் நாள் பொறுக்காமல் கண்ணை மூடிக்கொண்டு மஞ்சள் துணியைப் பிய்த்துக் கையில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினார். முகத்துக்குக் காற்று வந்தது. அடுத்த சிக்னலில் பேயும் வந்தது. ரத்தம் மட்டும் வரவில்லை.

இரண்டாவது சனிக்கிழமை சாமி தீர்ப்பே சொல்லிவிட்டார். "துணியப் பிரிச்சிட்டியே! இனிமே இது அடங்காது. வண்டி உன் வூட்ல இருந்தா பொண்டாட்டி உயிருக்கு ஆபத்து. வந்த வெலைக்குத் தள்ளிடு."

"யார் சாமி வாங்குவாங்க?"

பக்கத்திலேயே நின்ற பிரேம்நாத் பெருமூச்சு விட்டான். "உங்களுக்காக நானே எடுத்துக்கறேன் சார். குடுத்ததுல கால் பங்கு தர்றேன். எனக்கு நஷ்டந்தான், இன்னா பண்றது?"

அடுத்த சனிக்கிழமை சாவியைக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டு, நத்தானியேல் வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடாமல் உட்கார்ந்தார். ஃபீபி முழுக் கதையையும் கேட்டாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"ஏங்க, கண்ணாடில பனி உள்பக்கமா இருந்திச்சா, வெளிப்பக்கமா?"

"வெளிய. பேயோட மூச்சும்மா."

"லேப் ஃபிரிட்ஜ்லருந்து பாட்டில் எடுத்து வெச்சா அதுக்கும்தான் வெளிய வேர்க்குது. அதுக்கும் பேயா? அந்தச் சாமி உள்ள இன்னா அமுக்கினான்னு பாக்கணும். நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் வண்டிய எடுங்க."

ஞாயிற்றுக்கிழமை, வெறிச்சோடிய சர்ச் மைதானத்தில், ஃபீபி மடியில் நோட்டோடு உட்கார்ந்தாள். லேபில் செய்கிற மாதிரியே ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு பொத்தான். அமுக்குவாள், "நிறுத்துங்க" என்பாள், அணைந்ததா, இல்லையா என்று குறிப்பாள். நத்தானியேல் ஒவ்வொரு தடவையும் பைபிளின் சங்கீதம் இருபத்து மூன்றைத் தொடக்கத்திலிருந்து சொன்னார். ஒன்பதாவது பொத்தானில் இன்ஜின் அணையவில்லை. குளிர்நாட்டில் கண்ணாடியில் படியும் பனியை நீக்குகிற பொத்தான் அது. அதைப் போட்டால் இன்ஜின் நிற்காமல் ஓடும். சூரியன் மூன்று ஷிப்டு பார்க்கிற வேலூரில் பிறந்த எவன் அதை அமுக்கப் போகிறான்?

மறுநாள் அவள் வேலூர் பிரவுசிங் சென்டரில் கால் மணி நேரம் உட்கார்ந்து அந்தக் காரைப் பற்றிப் படித்தாள். ஆர்.சி. புத்தகத்தில் இன்னும் மாற்றாமல் இருந்த முந்தின சொந்தக்காரரின் பெயரைப் பார்த்து, மேல்விஷாரத்துக்கு ஒரு போன் போட்டாள்.

சனிக்கிழமை. எள் போட்டால் கீழே விழாத கூட்டம். நத்தானியேல் சாவியை நீட்ட, பிரேம்நாத் கையை நீட்ட, நடுவில் ஃபீபி வந்து சாவியை வாங்கிக்கொண்டாள்.

"சாமி, குடுக்கறதுக்கு முன்னால ஒரு சின்ன டெஸ்ட். நீங்க வெளிய நின்னு மந்திரம் சொல்லுங்க. உள்ள நான் மட்டும் இருக்கேன்."

"வெளிய நின்னா சக்தி எப்பிடிம்மா பாயும்?"

"ஜப்பான்லருந்து வந்த பேய்க்கு நாலடி தூரத்து மந்திரம் கேக்காதா?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. சாமி வேறு வழியில்லாமல் "ஹோய் ஹை ஹுய்" என்றார். அந்த வாரம் முழுக்கச் சர்ச் மைதானத்தில் ஓட்டிப் பழகியிருந்த ஃபீபி வண்டியை நகர்த்தி நிறுத்தினாள். இன்ஜின் அணைந்தது. இன்னும் உரக்கச் சொன்னார். நகர்த்தி நிறுத்தினாள், மறுபடி அணைந்தது. சாமிக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

"இப்ப மந்திரம் வேணாம். யாராவது ஒருத்தர் வாங்க."

லாரி டிரைவர் மக்பூல் அகமது வெற்றிலை மென்றுகொண்டே வந்தார். அவள் காட்டிய பொத்தானை அமுக்கினார். வண்டி நகர்ந்தது, நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அடடே! நானும் சாமியாயிட்டேனே!" என்றார் மக்பூல்.

"பேயும் இல்ல, சாமியும் இல்ல. இந்த வண்டி நின்னா பெட்ரோல் மிச்சம் பண்றதுக்காக இன்ஜினை அதுவே அணைச்சுக்கும். பிரேக்லருந்து கால எடுத்தா உள்ள ஒரு மோட்டர் எழுப்பி உட்டுடும். அதுக்குப் பேர்தான் ஹைபிரிட். இந்தப் பொத்தானப் போட்டா அணையாது. அவ்ளோதான்."

அதற்குள் பொத்தானுக்கு வரிசை நின்றுவிட்டது. அமுக்கு, பேய் போச்சு. திருப்பி அமுக்கு, பேய் வந்தாச்சு. சாமி மூன்று சனிக்கிழமையில் ஓட்டாத பேயைப் பேண்டு செட்டுக்காரர்கள் பத்து நிமிஷத்தில் ஓட்டித் தள்ளினார்கள்.

"இதெல்லாம் சுவடில இருக்குது!" என்று சாமி சிவப்புக் கட்டைத் தூக்கிக் காட்டினார். அதுதான் அவர் செய்த கடைசித் தப்பு.

"அத்தக் கொஞ்சம் பிரிங்க சாமி" என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல். மேல்விஷாரம் இஷ்தியாக் அகமது. ஃபீபியின் போனுக்குப் பிறகு ஐந்து நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர். "போன வருஷம் இதே வண்டிக்கு, இதே பேயைக் காட்டி, இதே பிரேம்நாத் கிட்ட தண்ணி வெலைக்குத் தள்ளவெச்சீங்களே! வண்டியோட வந்த புத்தகத்துல ஏழாம் பக்கம் என் பொண்ணு யானை வரைஞ்சிருப்பா. பாத்துடலாமா?"

மக்பூல் அகமது துணியை உருவினார். ஓலையும் இல்லை, சித்தரும் இல்லை. வழவழ காகிதத்தில் காரை ஓட்டும் முறை அச்சிட்ட கம்பெனிப் புத்தகம். ஏழாம் பக்கத்தில், நீல பால்பாயிண்ட் பேனாவில், ஐந்து கால் யானை.

"அஞ்சாவது தும்பிக்கை" என்றார் இஷ்தியாக், தகப்பன் முறையில். பிறகு பிரேம்நாத்தின் காலரைப் பிடித்துக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று கேட்டார்.

சாமி சந்தடியில் நழுவித் தம் பழைய அம்பாசிடரில் ஏறினார். சாவியைத் திருகினார். கர்ர்... கர்ர்... ஓடவில்லை. மறுபடி திருகினார். கர்ர்.

"சாமி, மந்திரம் சொல்லுங்க!" என்றான் பேண்டு செட்டில் டிரம் அடிக்கிறவன்.

சாமி ஜடாமுடியைக் கழற்றி சீட்டில் எறிந்தார். பானெட்டைத் தூக்கி, பிளக்கைக் கழற்றி வேட்டியில் துடைத்து மாட்டிக்கொண்டே கத்தினார்: "பாத்துக்கினு நிக்கிறீங்களே! யாராவது ஒரு மெக்கானிக்கக் கூப்புடுங்கய்யா!"

மெக்கானிக் வருவதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

நத்தானியேல் மட்டும் காருக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். இருபத்தாறு வருடமாக எவன் பேச்சையும் நம்பாமல் தோலை விரித்துப் பார்த்த கை, சொந்தப் பணத்தைப் போட்ட இடத்தில் மடித்துக்கொண்டுவிட்டதே என்று அவருக்கு அழுகையே வந்தது. "என்னை மன்னிச்சிரு ஃபீபி. போச்சுன்னே நெனச்சிட்டேன்" என்றார்.

"வண்டிதான் இருக்குதே. ஏறுங்க. ஏ.சி.ய முகத்துக்குத் திருப்புங்க."

கிளம்பும்போது ஒரு பெரியவர் கைகூப்பியபடி ஜன்னலுக்கு வந்தார். "தாயே, என் டிராக்டருக்கு ரெண்டு மாசமா பேய் புடிச்சிருக்குது. நீங்க எந்தக் கிழமைம்மா பாக்கறீங்க?"

ஃபீபி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள். "டீசல் இருக்குதான்னு பாத்தீங்களா?"

பெரியவர் யோசித்தார். அந்தச் சனிக்கிழமை மாதனூரில் நடந்த உண்மையான அதிசயம் அதுதான்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியது. நிற்க வேண்டிய இடத்தில் அணைந்து, கிளம்ப வேண்டிய இடத்தில் விழித்துக்கொள்ளும் அளவுக்கு அந்த இரும்புப் பெட்டிக்கே புத்தி வைத்து அனுப்பியிருக்கிறான் ஜப்பான்காரன். அதில் ஏறி உட்காருகிற நமக்குப் பிறவியிலேயே கொடுத்து அனுப்பியதை ஒரு தடவையாவது ஸ்டார்ட் செய்து பார்த்தால் என்னவாம்?