பனியாற்றுக்கு ஒத்திகை

லண்டன் தமிழர்களில் ஒரே வாழ்க்கையை இரண்டு தரம் வாழ்ந்தவர் ஒத்திகை அக்கா ஒருவர்தான். எந்தக் காரியத்தையும் ஒருமுறை செய்து பார்த்துவிட்டுத்தான் உண்மையாகச் செய்வார். பித்தப்பைக் கல் எடுக்க நாள் குறித்தபோது, முதல்நாளே பையுடன் ஆஸ்பத்திரிக்குப் போய், கட்டில் எப்படியிருக்கிறது என்று படுத்துப் பார்த்தார். தாதி ஊசியோடு வந்ததும்தான் எழும்பி ஓடிவந்தார்.

மோர்டனில் அக்காவும் அவர் கணவரும் பலசரக்குக் கடை வைத்திருந்தார்கள். கணவரை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். கடைக்கு மேல் அறையில் நான் வாடகைக்கு இருந்தபடியால், எந்த ஒத்திகையிலிருந்தும் எனக்குத் தப்ப வழியில்லை.

ஒருமுறை அரிசி வியாபாரி கொடுத்த கலண்டரில் ஆல்ப்ஸ் மலைப் பனியாறு ஒன்றின் படம் வந்தது. அக்கா அந்தத் தாளைக் கிழிக்க மறுத்துவிட்டார். சித்திரை பிறந்த பிறகும் எங்கள் கடையில் ஜனவரிதான். கடைசியில் திட்டம் வெளிவந்தது. காலையில் ஜெனீவாவுக்கு விமானம், அங்கிருந்து பஸ், பிறகு நடந்து மலையேறிப் பனியாற்றைப் பார்த்துவிட்டு, இரவு வீட்டில் சோறு. ஒருநாளுக்கு மேல் கடையைப் பூட்ட அத்தான் சம்மதிக்கவில்லை.

ஒத்திகைகள் தொடங்கின. முதுகுப் பையில் அரிசி நிரப்பி, மாடிக் கார்ப்பார்க்கின் படிகளில் மூவரும் ஏறி இறங்கினோம். காவலாளி எங்கே போகிறீர்கள் என்று கேட்க, ஆல்ப்ஸுக்கு என்றார் அக்கா. இந்தப் படி ஐந்தாம் மாடி வரைக்கும்தான் போகும் என்று அந்த மனிதர் மிகுந்த வருத்தத்தோடு சொன்னார்.

அடுத்தது குளிர். கடையின் உறைகுளிர் அறையில், மீன் பெட்டிகளுக்கு நடுவே, தொப்பியும் கையுறையுமாக நின்று இடியப்பம் சாப்பிட்டோம். மீன் இறக்க வந்த வான்காரர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மெதுவாகச் சாத்தினார்.

"நாங்கள் போறது ஜூலையிலயப்பா. அங்கை வெயில் எறிக்கும்," என்றார் அத்தான், பல் கிட்டியபடி.

"பனி பனிதான். பேசாமல் சாப்பிடுங்கோ."

அந்த நாளும் வந்தது. விமானம், பஸ், ஏற்றம் எல்லாம் ஒழுங்காக நடந்தன. பனியாறு தெரிய இன்னும் ஒரு வளைவுதான். அங்கே பாறையோரமாக ஓர் இரும்புப் படி. அதன் இடைவெளிகளுக்குள்ளால் கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. முதல் படியிலேயே நின்றுவிட்டேன். கம்பியைப் பிடித்த கை விடவே மாட்டேன் என்றது.

அக்கா என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பின்னால் கூட்டிவந்து, ஓர் அறிவிப்புப் பலகையடியில் இருத்தினார். அத்தானைத் தனியே போய்ப் பார்த்துவரச் சொல்லிவிட்டு, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். கொத்தமல்லியைக் கிள்ளி மணந்து பார்த்துவிட்டு வாங்காமல் போகிறவர்களைப் பற்றி, எனக்கு மூச்சுச் சீராகும்வரை கதைத்தார்.

அத்தான் திரும்பியபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவர் போனில் நீட்டிய படங்களை அக்கா பார்க்கவில்லை. நேரில் பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

"நீங்கள் போயிருக்கலாம் அக்கா. இவ்வளவு தூரம் வந்து, என்னாலை..."

"பனியாறு எங்கையடா தம்பி ஓடப்போகுது? அடுத்த முறை மூண்டு பேருமாய்ப் பாப்பம்."

எழும்பும்போதுதான் அந்தப் பலகையை வாசித்தேன். ஒரு காலத்தில் பனி இந்த இடம்வரை இருந்தது, வருடா வருடம் உருகிப் பின்வாங்குகிறது என்று எழுதியிருந்தது. அவ்வளவு நேரமும் அக்கா அதில் சாய்ந்து, எழுத்தை எனக்கு மறைத்தபடி இருந்திருக்கிறார்.