எதிர்ச் சுவரை இரண்டு லென்ஸில் எடுத்த விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதுவது. இங்கே நானும் என் மனைவியான உங்கள் அக்காவும் நலம். அங்கே நீங்களும் என் தங்கையும் நலமாக இருப்பதாகப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். அதை இப்போதைக்கு அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

நான் ஓய்வு பெற்றபோது நீங்கள் கொடுத்த ஃபிலிம் கேமராவில் எடுத்த படமெல்லாம், ஆவி படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. முப்பத்தொரு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். சிரித்த முகத்தோடு நீட்டப்படுகிற எதையும் திருப்பிப் பார்த்தே பழக்கம். அதனால்தான் அடுத்த முறை நீங்கள் இருவரும் வந்தபோது, சாப்பாட்டு நேரத்தில், "இது எந்தக் கடையில கழிச்சு விட்டது?" என்று கேட்டேன். அன்றிலிருந்து தங்கை எனக்கு எழுதுவதில்லை. நீங்கள்தான் எழுதுகிறீர்கள். அதுவே எனக்கு ஒரு சந்தேகம்.

என் பென்ஷனில் புது லென்ஸ் கட்டுப்படியாகாது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பழைய கேமரா பழுது பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய அலமாரியில் குழாய் மாதிரி நீண்டிருந்த ஒரு லென்ஸைக் கேட்டேன். "அது வேண்டாம் சார், ஓரமெல்லாம் கலங்கும். இந்தச் சின்னத எடுத்துக்குங்க. அம்பது எம்எம். விலையும் கம்மி, படமும் கத்தி மாதிரி விழும்" என்றார். விலை குறைந்ததையே ஒரு வியாபாரி சிபாரிசு செய்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

"நல்லதுன்னா ஏன் கம்மி?"

"அந்தக் காலத்துல ஒவ்வொரு கேமராவோடயும் சேர்த்துக் கொடுத்தது சார். ஊர் பூரா கிடக்கு, அதான்."

டார்ச் அடித்து உள்ளே பார்த்தேன். தூசி. "தூசி படத்துல விழாது. வலை மாதிரி பூஞ்சை இருந்தாத்தான் ஆகாது" என்றார். மூன்று நாள் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். பதிலுக்கு என் கைக்கடிகாரத்தைக் கழற்றி வாங்கி வைத்துக்கொண்டார். அப்போதுதான் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பால்கனியில் முக்காலியை நிறுத்தி, எதிர்க் குடியிருப்பின் செங்கல் சுவரை, உங்கள் லென்ஸில் பாதி ரோலும் அவர் லென்ஸில் பாதி ரோலுமாக எடுத்தேன். மூன்றாம் நாள் அந்தக் குடியிருப்பின் செயலாளர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். "எங்க வீட்டுப் பொம்பளைங்களப் படம் எடுக்கறீங்களாமே?" செங்கல்லை எடுக்கிறேன் என்றேன். "செங்கல்ல எவனாவது மூணு நாள் எடுப்பானா?" என்றார். நியாயமான கேள்வி. அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அபராதமே போட்டிருப்பேன்.

ரோலைக் கழுவி வாங்கினேன். உங்கள் லென்ஸில் சுவர், பிசைந்த மாவு. கடைக்காரர் லென்ஸிலோ செங்கல் செங்கலாக எண்ணலாம். எண்ணிக்கொண்டே போனேன். வலது ஓரம், இரண்டாம் மாடி பால்கனியில் ஒருவர் துணி உலர்த்துகிறார். மாப்பிள்ளை, அது நீங்கள். உங்கள் கடிதமோ ஒன்பது மணி நேரப் பயண தூரத்திலிருந்து முத்திரை குத்தி வருகிறது. பக்கத்தில் வாளிமேல் குனிந்திருக்கும் பெண்ணின் முதுகுதான் தெரிகிறது. பள்ளி நாளிலிருந்தே என் தங்கை செய்வதுபோல், கொண்டையில் பென்சில் செருகியிருக்கிறாள். அந்த முதுகு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? எத்தனை நாளாக அங்கே இருக்கிறீர்கள்? யாருக்கெல்லாம் தெரியும்? கடிதத்தை அங்கிருந்து போடும் கூட்டாளி யார்?

கோபமாகத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் படத்தை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவள் இளைத்துப் போயிருக்கிறாள்.

உங்கள் தாயார், தகப்பனாருக்கு என் வணக்கம். எல்லா நலனும் பெருகட்டும். பதில் நீங்கள் உண்மையாக இருக்கும் இடத்திலிருந்து வரட்டும்.

இப்படிக்கு,
மைத்துனன்

பி.கு: உறையை ஒட்டும்போது உங்கள் அக்கா படித்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் தெருவைக் கடக்க வைத்தாள். தங்கைதான் கதவைத் திறந்தாள். உங்களுக்கு மாற்றல் ஆகிவிட்டதாம். பொறுப்பை ஒப்படைக்க வாரம் ஒருமுறை பழைய ஆபீசுக்குப் போய்வருகிறீர்களாம். முத்திரைக்கு விளக்கம் கிடைத்துவிட்டது. "மூணு மாசமா இங்கதான்ணா இருக்கேன். நீயா பார்த்து வரணும்னு இருந்தேன். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்தியா?" என்றாள். கையோடு கொண்டுபோயிருந்த கேமராவைக் காட்டினேன். நீங்கள் கொடுத்த லென்ஸின் முன்னாலிருந்த காப்புக் கண்ணாடியைத் திருகி எடுத்து முந்தானையில் துடைத்தாள். அதில் படிந்திருந்தது அத்தனையும் என் கைரேகை. ஆகவே மேலே எழுதியது எதற்கும் பதில் வேண்டாம். நீங்கள் நாளை வந்ததும் படிக்க, இதை நாளைக் காலையே உங்கள் சாப்பாட்டு மேசையில் கொண்டுவந்து வைத்துவிடுகிறேன். இன்று நான் படியிறங்கி முடிக்கும்வரை அவள் கதவைச் சாத்தவில்லை. அதையும் கவனித்தேன்.